அத்தை படுத்து வர எவ்வளவு காற்று வேண்டும்?

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தைக்கு,

மருமகள் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எழுதாதே" என்று சொல்லும் இடங்களில் அவர் அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுவேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே இடுப்பு நீங்கலாக மற்ற அனைத்தும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறோம். இடுப்பும் சீக்கிரம் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம்.

போன வாரம் நீங்கள் போனில் சொன்னதை ஒரு சொல் விடாமல் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். "உங்கப்பன் எதைக் கேட்டாலும் சூப்பரா இருக்குக்கான்னுவான். உங்கம்மா என் மனசு நோகக் கூடாதுன்னு பேசுவா. நீதான்டி பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். அந்த வண்டியில நீ படுத்துப் பாரு. பார்த்துட்டு எழுது. போன்ல வேணாம், பக்கத்துல நின்னு ரெண்டு பேரும் சொல்லிக் குடுப்பாங்க. குலுங்காதுன்னு நீ எழுதினா வரேன். குலுங்கும்னா வெள்ளிக்கிழமை அந்தப் பராமரிப்பு இல்லத்துக்காரங்க கிட்ட சரின்னு சொல்லிடறேன்." இவ்வளவுதான் நீங்கள் சொன்னது. அறுவை சிகிச்சைக்கு உங்களைக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் உங்கள் இடுப்பு எலும்பை இன்னொரு தரம் உடைத்தது போலிருந்தது என்றும், அப்படி இன்னொரு பயணம் என்றால் முன்பின் தெரியாதவர்கள் நடுவே படுத்திருப்பதே மேல் என்றும் சொன்னீர்கள். போனை வைத்த பிறகு அம்மா உங்களுக்காக ஒழித்துவைத்த கீழறையில் மறுபடியும் போய்த் துடைத்த தரையையே துடைத்தார். உங்கள் வரவு என் பேனாவில் தொங்குகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இதுவரை எழுதியதிலேயே பெரிய விஷயம் அரையாண்டுத் தேர்வுக் கட்டுரைதான்.

முதலில் வண்டியைப் பற்றி. கேம்பர் வேன் என்பது வெறும் வேன் இல்லை, அத்தை. ஒரு வீட்டைச் சாவி போட்டு ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. உள்ளே முழு நீளப் படுக்கை இருக்கிறது. கை கழுவும் தொட்டி இருக்கிறது, குழாயைத் திருகினால் உண்மையாகவே தண்ணீர் வருகிறது. ஒரு சின்ன அடுப்பு, கதவு வைத்த அலமாரிகள், தலைமாட்டில் ஒரு விளக்கு, ஜன்னலுக்குத் திரை. ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போன ஒரு தம்பதியிடம் அப்பா இதை வாங்கினார். முதல் நாள் நான் அதன் படியில் கால் வைத்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவதா கழற்றாமல் ஏறுவதா என்று தெரியாமல் ஐந்து நிமிடம் நின்றேன். உங்களைப் படுக்கவைத்தபடியே நானூறு கிலோமீட்டர் கூட்டிவர இதைவிட்டால் வேறு வழியே இல்லை என்று மருத்துவர் சொன்னதையும் அப்பா நினைவூட்டச் சொல்கிறார். நினைவூட்டிவிட்டேன்.

இனி நடந்தது. முதல் தவறு என்னுடையது. டயருக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் அருகே மண்டியிட்டு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த பொடி எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஒரு டயரில் இவ்வளவு படிக்க இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஏறக்குறைய ஒரு பக்கச் செய்தி இருந்தது. அதன் நடுவே எண்பது என்ற எண் இருந்தது. அச்சில் வந்ததை நம்புவது என் வழக்கம். அப்பாவோ முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக், லிஃப்டுக்குள் ஆணியடித்த தகட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுதான் அவருக்குச் சட்டம். ஆகவே இரண்டு பேரும் ஒரே மனதாக நான்கு டயருக்கும் எண்பது அடித்தோம். அடித்துவிட்டு நான் படுக்கையில் படுத்து, கையில் ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். என் சோதனை முறை இதுதான். தலைப்பு பெரிய எழுத்து, பாடம் நடுத்தர எழுத்து, அடிக்குறிப்பு பொடி எழுத்து. வண்டி ஓடும்போது எதுவரை படிக்க முடிகிறதோ அதுவரை குலுக்கல் இல்லை என்று கொள்ள வேண்டும். அப்பா வண்டியை எடுத்தார். தெருமுனை தாண்டுவதற்குள் தலைப்பே எனக்குப் பிடிபடாமல் குதித்தது. அலமாரிக் கதவு தானே திறந்து எட்டு தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. நல்லவேளை, அவை பிளாஸ்டிக். சாலையில் கிடந்த ஒரு சின்னக் கல்லின் வடிவத்தைக்கூட என் முதுகால் சொல்லிவிட முடிந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்று அப்பா கத்தினார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். (இதை எழுதாதே என்றார்.)

வீட்டுக்குத் திரும்பி அப்பா மறுபடியும் காற்றை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார். எண்பத்தெட்டு! யாரும் அடிக்காமல் எட்டு எண் எப்படி ஏறியது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இல்லை, ஏதோ உயிருள்ள பிராணியைத் தொட்டுப்பார்த்தது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஹாரன் மாமா வந்தார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நடந்துபோகும்போதுகூட தெரு வளைவில் தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் திரும்புவார், அதனால் அந்தப் பெயர். அவர் டயரைக் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்து, "என்னப்பா இது, கருங்கல்லுல சக்கரம் பண்ணி மாட்டியிருக்க? காத்தைப் புடுங்கு. படுத்துட்டு வர்றவங்களுக்கு மெத்துமெத்துன்னு இருக்க வேணாமா? நாப்பது போதும்" என்றார். அப்பா, "நாப்பது கம்மி இல்லையாண்ணே?" என்று கேட்டார். "நான் எத்தனை வருஷம் ஓட்டினேன்னு தெரியுமா உனக்கு?" என்றார் ஹாரன் மாமா. அது பதில் இல்லை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சூடாக இருந்த டயரிலிருந்தே நாற்பது வரைக்கும் இறக்கிவிட்டார்.

மறுநாள் நான் மறுபடியும் படுத்தேன். முதல் பத்து நிமிடம் சொர்க்கம், அத்தை. அடிக்குறிப்பையே படித்தேன். அப்பா கண்ணாடி வழியாகப் பார்த்து, "சூப்பரா இருக்குன்னு எழுதிடு" என்றார். அதன் பிறகு ஒரு வளைவு வந்தது. வண்டி வளைவில் திரும்பியது, வண்டியின் மேல்பாதி மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதன் பிறகு திரும்பியது. இடப்பக்கம் சாய்ந்தேன், வலப்பக்கம் சாய்ந்தேன், நடுவில் இருந்த நேரம் மிகக் குறைவு. மூன்றாவது வளைவில் ஒரு கையால் படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான்காவதில் புத்தகத்தை மூடிவிட்டேன், நான் பாதியில் மூடிய முதல் புத்தகம் இதுதான். ரப்பர் கருகும் வாசனை வந்ததும் அப்பா ஓரம்கட்டி இறங்கிப் பின் டயரைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு துள்ளினார். எண்ணெய்ச் சட்டியைத் தொட்டது போல இருந்ததாம். காற்று குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கித் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் என்றும், அப்படியே ஓட்டியிருந்தால் வெடித்திருக்கும் என்றும் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரியவைத்தவர் பஞ்சர் கடை அக்கா.

அவர் கடை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. தகரக் கொட்டகை. சுவர் முழுக்கப் பழைய டயர். கறுப்பு பிடித்துப்போன கை, அதில் ஒரே ஒரு சுத்தமான இடம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி. அக்கா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "யாரு நாப்பது வெக்கச் சொன்னது?" "எதிர்வீட்டுல ஒரு டிரைவர் அண்ணன்" என்றார் அப்பா. "அவரை இந்த வண்டியில ஏத்தி வளைவுல கூட்டிட்டுப் போங்க, தானா எண்பதுன்னுவாரு." "எண்பதும் வெச்சுப் பார்த்தோம்" என்று நான் உண்மையைச் சொன்னேன். "அது யாரு சொன்னது?" "டயர்லயே போட்டிருக்கு" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். "பாப்பா, பத்து கிலோ தாங்கும்னு ஒரு பையில போட்டிருக்கு. கடைக்குப் போறப்பல்லாம் பத்து கிலோ வாங்குவியா?" நான் மாட்டேன் என்றேன். "அது டயரு அதிகபட்சம் தாங்குற அளவு. உங்க வண்டிக்கு எவ்ளோ காத்து வேணும்னு டயருக்கு எப்படித் தெரியும்? நீங்க உள்ள என்ன ஏத்தி வெச்சிருக்கீங்கன்னு அதுகிட்ட சொன்னீங்களா? போய் எடைமேடையில ஏத்துங்க. சும்மா ஏத்தாதீங்க. ஊருக்குப் போறப்ப என்னென்ன இருக்குமோ, யார் யார் இருப்பாங்களோ அத்தனையோடவும் ஏத்துங்க. முன்சக்கரம் தனியா, பின்சக்கரம் தனியா சீட்டு வாங்கிட்டு வாங்க." சொல்லிவிட்டு, போய்வரும் வரைக்குமாவது தாங்கட்டும் என்று கொஞ்சம் காற்றும் அடித்துக் கொடுத்தார். அச்சில் இருப்பதெல்லாம் உண்மைதான், ஆனால் எல்லா உண்மையும் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது இல்லை என்று நான் அன்று நோட்டில் எழுதிவைத்தேன்.

இப்போது ஒரு சங்கடமான பகுதி வருகிறது. எல்லோரும் வண்டியில் இருக்க வேண்டும் என்றால் நீங்களும் இருக்க வேண்டும். நீங்கள் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறீர்கள். ஆகவே உங்கள் எடைக்கு ஈடாக ஏதாவது படுக்கையில் இருந்தாக வேண்டும். "அக்காவுக்குப் போன் பண்ணிக் கேளேன்" என்றார் அப்பா அம்மாவிடம். "நாத்தனார்கிட்ட போய் எடை என்னன்னு கேக்கவா? பதினாறு வருஷமா இந்த வீட்டுல நல்ல பேரோட இருக்கேன். வேணும்னா நீங்க கேளுங்க." "நான் கேட்டா அடிப்பாங்க." "படுத்த படுக்கையா இருக்காங்களே, எப்படி அடிப்பாங்க?" "அவங்களுக்குக் குரலே போதும்" என்றார் அப்பா. (இதையும் எழுதாதே என்றார்.) கடைசியில், லிஃப்ட் கணக்குப்படி ஓர் ஆள் அறுபத்தெட்டு கிலோ என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அம்மா ஏதோ சொல்ல வந்து, என் நோட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் நாற்பத்தொரு கிலோ. ஆகவே படுக்கையில் நானும் இருபத்தேழு கிலோ மணல் மூட்டையும் சேர்ந்து நீங்கள். நான் வழக்கமாக உட்காரும் இருக்கையில் நாற்பத்தொரு கிலோ மணல் மூட்டை நான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது இவ்வளவு சுலபம் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் எடையை நாங்கள் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

எடைமேடை என்பது நெல்மூட்டை லாரியும் பழைய இரும்பு லாரியும் வரிசையில் நிற்கும் இடம். தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புத் தகடு இருந்தது, பக்கத்தில் ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய அறை. அந்த அறையில் இருந்த அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "முன்சக்கரம் மட்டும் ஏத்து... போதும்... இறங்காதே... இப்ப பின்சக்கரம்" என்று மைக்கில் சொன்னார். முன்பக்கம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது. பின்பக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. கதவோரத் தகட்டில் பின்பக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தது. தகடு என்றதும் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "தொண்ணூறு கிலோ எங்கிருந்து வந்துச்சு? இது நம்ம வண்டிதானா?" எடைமேடை அண்ணன் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "டூர் போறீங்களா, வீடு காலி பண்றீங்களா?" பிறகு அம்மா மெதுவாக, "அடுப்புக்குக் கீழ கொஞ்சம் பாத்திரம் இருக்கு" என்றார். "கொஞ்சம்னா?" "இருபத்திரண்டு கிலோ நானூறு கிராம்." அம்மா தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் இருப்பவர், எதையும் எடை போடாமல் அவரால் எங்கும் அனுப்ப முடியாது. உங்களுக்கு வழியில் வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு முழுச் சமையலறையையே ஏற்றியிருந்தார். அப்பாவின் முறை வந்தது. அவர் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீள இரும்புக் கட்டியை இழுத்தார். லிஃப்டுக்கு எதிர்ப்பாரமாகத் தொங்கவிடுவது, நாற்பத்தைந்து கிலோ. பின்னால் பாரம் இருந்தால் குலுங்காது என்று அவர் தனியாக யோசித்து வைத்தாராம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே எழுதுகிறேன். கலைக்களஞ்சியம் பதினொரு தொகுதி, அகராதி ஒன்று, முப்பத்தொரு கிலோ. உங்களுக்கு வழியில் வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். நானூறு கிலோமீட்டரில் குறைந்தது 'ஈ' வரைக்காவது போய்விடலாம் என்பது என் கணக்கு.

எல்லாவற்றையும் இறக்கி ஓரமாக வைத்தோம். பார்த்தால் மூன்று பேருமே உங்களுக்காகத்தான் வண்டியை அதிகபாரமாக்கியிருந்தோம். எடைமேடை அண்ணன் இன்னொரு தரம் ஏற்றச் சொன்னார். முன்பக்கம் அதே எண். பின்பக்கம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. "இப்ப போங்க. அந்த இரும்பை விக்கிறதா இருந்தா சொல்லுங்க" என்றார்.

பஞ்சர் கடை அக்கா இரண்டு சீட்டையும் வாங்கி, ஆணியில் தொங்கிய ஒரு கிழிந்த அட்டையில் விரலை ஓட்டினார். இவ்வளவு எடைக்கு இவ்வளவு காற்று என்று டயர்க்காரர்கள் போட்ட அட்டவணை. முன்பக்கம் நாற்பத்தெட்டு, பின்பக்கம் அறுபத்திரண்டு என்றார். அப்பா உடனே குழாயை எடுத்தார். "வைங்க கீழ. வண்டி ஓடி வந்திருக்கு, காத்து சூடா இருக்கு. சூட்டுல எண் ஏறித்தான் காட்டும். மூணு மணி நேரம் ஆறட்டும்." காற்றும் ஆற வேண்டும் என்பதைக் கேட்டு நான் அசந்துபோனேன். எண்பது எண்பத்தெட்டான மர்மம் அங்கே அவிழ்ந்தது. மூன்று மணி நேரமும் நான்கு ஸ்டூலில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு டயர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, முயற்சி செய்கிறேன். காற்றைச் சரியாக வைத்ததும் அக்கா டயர் மேல் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் போட்டு அதன்மேல் வண்டியை ஏற்றி இறக்கச் சொன்னார். அளவு சரியென்றால் தடம் முழு அகலத்துக்கும் சீராக விழும், காற்று கூடினால் நடுவில் மட்டும், குறைந்தால் இரண்டு ஓரத்தில் மட்டும் விழும் என்றார். தடம் சீராக விழுந்தது. வண்டியை ஒரே இடத்தில் நிற்கவைத்தும் தடம் எடுக்கலாமா என்று நான் கேட்டேன். அக்கா ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி அட்டையின்மேல் இறக்கித் தந்தார். நான்கு தடம். ஒவ்வொன்றும் என் நோட்டின் முக்கால் பக்கம்கூட இல்லை. நான்கையும் சேர்த்து வைத்தால் செய்தித்தாளின் அரைப் பக்கம். அத்தை, மூவாயிரத்து இருநூற்று முப்பது கிலோ! படுக்கை, அடுப்பு, குழாய், அப்பா, அம்மா, இரண்டு நான், மணலாகிய நீங்கள், இத்தனையும் செய்தித்தாளின் அரைப் பக்கத்தின்மேல் நிற்கிறது. அந்த அரைப் பக்கத்துக்கும் நமக்கும் நடுவே இருப்பது வெறும் காற்று.

எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. காற்றின் எண் என்பது ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் இத்தனை பவுண்டு என்று அர்த்தம் என அக்கா சொல்லியிருந்தார். அப்படியானால் தடத்தின் பரப்பை அந்த எண்ணால் பெருக்கினால் என்ன வரும்? சாக்பீஸால் அட்டையில் கட்டம் போட்டேன். முன்தடம் ஒவ்வொன்றும் முப்பத்தொரு சதுர அங்குலம், பின்தடம் முப்பத்துநான்கு. பெருக்கி, கூட்டி, கிலோவுக்கு மாற்றினேன். மூவாயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு வந்தது. எடைமேடையின் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் முப்பத்திரண்டு கிலோதான் வித்தியாசம், அதுவும் நான் கட்டத்தைக் கோணலாகப் போட்டதால் இருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. லாரிகளுக்கு நடுவே அவ்வளவு பெரிய இரும்புத் தகடு சொன்ன விஷயத்தை ஓர் அட்டையும் காற்றும் சொல்லிவிட்டன. அக்கா என் கணக்கை இரண்டு தரம் பார்த்தார். "இருபது வருஷமா காத்து அடிக்கிறேன். எடை இங்கயே இருக்குன்னு எனக்கே தெரியாதே" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டயரைத் தொட்டுப் பார்த்தார், புதிதாகப் பார்ப்பவர் போல. அப்பா, "இதை எழுது, இதை எழுது" என்றார்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். இன்று மாலை கடைசிச் சோதனை. அதே படுக்கை, அதே புத்தகம். தலைப்பு படித்தேன். பாடம் படித்தேன். அடிக்குறிப்பும் படித்தேன், எழுத்து தண்ணீரில் மிதக்கும் இலை போல லேசாக அசைந்ததே தவிர குதிக்கவில்லை. வளைவில் வண்டி முழுசாக ஒரே வண்டியாகத் திரும்பியது. ஆனால் மூன்று இடங்களில் குலுங்கியது, அத்தை. பாலம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒன்று. குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளத்தில் ஒன்று. ரயில்வே கேட்டில் வந்ததுதான் பெரியது, புத்தகம் என் மூக்கின்மேல் விழுந்தது. நீங்கள் வரும் வழியில் இதுபோல ஏழு கேட் இருக்கிறது, வரைபடத்தில் எண்ணினேன். குலுங்காது என்று எழுதினால் வருவதாகச் சொன்னீர்கள். எனக்குக் குலுங்காது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நாங்கள் உள்ளதிலேயே சரியான காற்றை வைத்தோம், அதற்கு மேல் காற்றால் ஆகக்கூடியது எதுவும் இல்லை என்று அக்காவும் சொல்லிவிட்டார். ஆகவே உண்மை: குலுங்குகிறது, மூன்று தரம். வாருங்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. இதைப் படித்துக் காட்டியபோது அப்பா எழுதாதே என்று சொல்லவில்லை. "சரி, நடந்ததைத்தானே எழுதியிருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். விடுமுறைக்கு நான் கலைக்களஞ்சியத்தோடு வருவேன், தவணை முறையில் ஒவ்வொரு தொகுதியாக. உங்கள் எலும்பு ஒழுங்காகக் கூடவும், உங்கள் குரல் குறையாமல் இருக்கவும் வேண்டிக்கொண்டு, பெரியவர்கள் இருவரின் அன்பையும் என் வணக்கத்தையும் இத்துடன் வைத்து முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள மருமகள்,
ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். கையெழுத்து நன்றாக அமைந்துவிட்டதால் அடிக்க மனம் வரவில்லை. தபால்தலை ஒட்டுவதற்காக அம்மா இந்தக் கடிதத்தை வாங்கினார், வாங்கியவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டார். "ஏன்டி, கையை நீட்டி ரெண்டு கிலோ புத்தகத்தைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் படுத்தா, வீட்டுக் கட்டில்லகூட எழுத்து ஆடும்டி. உங்க அத்தை அந்தப் புத்தகத்தையா தூக்கிட்டு வரப்போறாங்க? சும்மா படுத்துட்டுதானே வரப்போறாங்க?" நான் அளந்தது என் கையை. அம்மா செருப்பை உதறிவிட்டு நேராகப் போய் உங்கள் படுக்கையில் படுத்தார். "எடுங்க வண்டியை. அதே வழியில போங்க. குலுங்குற இடத்துல நானே சொல்றேன்." ஓடுகிற வண்டியில் அம்மா கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை, அத்தை. பத்து மணி நேர ரயிலிலும் டிரைவருக்குத் துணையாக விழித்திருப்பவர் அவர். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். பாலம் வந்தது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பள்ளம் வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. ரயில்வே கேட் வந்தது. என் பேனாகூடக் கோடு போட்டுவிட்டது. குனிந்து பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் விழுந்த நாளிலிருந்து பாதிப் பாதியாகத் தூங்கிய தூக்கமெல்லாம் சேர்ந்து வந்தது போல, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை படுக்கைக்கு வெளியே தொங்க, அப்படியொரு தூக்கம். "கேட் தாண்டியாச்சு, என்ன சொல்றா?" என்று கேட்டார் அப்பா. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியில் பார்த்தார். நம்பவில்லை, மறுபடி பார்த்தார். இப்போது வீட்டு வாசலில் நிற்கிறோம். இறங்கினால் கதவுச் சத்தத்தில் எழுந்துவிடுவார் என்று இறங்காமலே இருக்கிறோம். உங்களுக்குக் குலுங்காது, அத்தை. வெள்ளிக்கிழமை அந்த இல்லத்துக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடவும். சனிக்கிழமை காலை, டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்புவோம். இந்த வரியைத் தலைமாட்டு விளக்கில் எழுதுகிறேன், அம்மா முகத்தில் வெளிச்சம் படுகிறது என்று அப்பா சைகை காட்டுகிறார். (இது இருட்டில் எழுதுவது.) இன்னும் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று நான் சைகை காட்டுவதற்குள் அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.